ரோதைமுனிக்கு முதல் போத்தல்

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, மூன்று மாதமாக எல்லோரையும் படாதபாடு படுத்திய அந்தச் செப்புக் குழாய் ஒருவழியாக முதல் சொட்டை விட்டது.

ஜீவராணி நம்பவில்லை. தண்ணீராகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஏற்கனவே இரண்டு தடவை அந்தக் குழாய் அவளை ஏமாற்றியிருக்கிறது. மூன்றாவது தடவையும் ஏமாற அவள் என்ன இளிச்சவாயா? விரலை நீட்டி ஒரு சொட்டைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். சுர்ரென்று ஏறியது. விரல் சில்லிட்டு, துடைக்காமலே காய்ந்துபோனது.

"ஜூட் சேர், இது தண்ணி இல்ல," என்றாள்.

ஜூட் ஹட்டன் பையன். கம்பனி அனுப்பிவைத்த எஞ்சினியர். முப்பது வயதுகூட ஆகவில்லை, இந்த மூன்று மாதத்தில் முன்தலையில் நரை விழுந்துவிட்டது. அவன் ஓடிவந்து கண்ணாடிச் சாடியில் கொஞ்சம் பிடித்து, அளவுமானியை மிதக்கவிட்டுப் பார்த்தான். பார்த்துவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கரட் மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"வந்திருச்சிக்கா," என்றான்.

ஜீவராணிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

சொல்லும்போது சோறாக்குகிற வேலை மாதிரித்தான் இருக்கும். நுவரெலியா மரக்கறிச் சந்தையில் தினமும் மலையாகக் குவிகிற கோவா இலை, அடிபட்ட கரட், அழுகத் தொடங்கிய உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிவந்து, அரைத்து, அவித்து, ஈஸ்ட் போட்டுத் தாங்கியில் புளிக்கவிட வேண்டும். புளித்ததைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்தால் எதனோல் வரும். பெட்ரோலோடு கலந்து வண்டிக்கு ஊற்றலாம். இவ்வளவுதான் விசயம். பெட்ரோலுக்காக மூன்று நாள் வரிசையில் கிடந்த வருசத்தை மறக்காதவர்களுக்கு இதன் அருமையை எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

ஆனால் செய்துபார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் அது காட்டுகிற கூத்து. முதல் தடவை தலவாக்கலைக் குளிரில் ஈஸ்ட் வேலையே செய்யவில்லை. இரண்டாம் தடவை எல்லாம் வினாகிரியாகிவிட்டது, ஒரு வாரத்துக்கு ஊரே ஊறுகாய்ச் சாடிக்குள் இருந்ததுபோல நாறியது. இன்னொரு தடவை தவறினால் இடத்தை இழுத்து மூடுவோம் என்று கம்பனி சொல்லிவிட்டது. ஜீவராணிதான் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற பழைய படங்குச் சாக்குகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிவந்து, தாங்கிக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். பிள்ளைக்குக் கம்பளி போர்த்துகிற மாதிரிப் போர்த்தினாள். கேலி செய்தவர்கள் செய்தார்கள். மூன்றாம் நாள் தாங்கி பொங்கியது.

"அக்கா, ஒன்னு கவனம்," என்றான் ஜூட். "மொதல்ல வர்ற முக்கா லீட்டர தனியா புடிச்சி வைங்க. அதுல மெதனோல் சேர்ந்து வரும். எஞ்சினுக்கு ஒன்னும் செய்யாது. மனுசன் ஒரு வாய் குடிச்சா கண்ணு போயிரும், உயிரும் போயிரும். நாளைக்கி கண்டிக்கு அனுப்பி எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்."

ஜீவராணி புதுப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து முதலில் வந்ததை அதில் பிடித்தாள். மூடியை இறுக்கினாள். ஒரு துண்டு பிளாஸ்டரில் திகதியை மட்டும் எழுதி ஒட்டினாள். மேசையில் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள், தரையில் வைத்தால் உதைத்துவிடுவார்கள் என்று யோசித்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். மிச்சம் நாற்பது லீட்டர் பெரிய பரலில் இறங்கியது. ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு லயத்தில் இருக்கிற வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் புருஷனிடம், "சொட்டு வந்திருச்சிங்க," என்று மட்டும் சொன்னாள். "அப்ப நாளைக்கி வெள்ளிக்கெழம, முனிக்கு பூச வைக்கணும்," என்றான் அவன். "என்னமோ செய்ங்க," என்று சொல்லிவிட்டுப் படுத்தவள், மூன்று மாதத்தில் முதல் தடவையாக அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள்.

காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தால் ஜன்னல் விளிம்பில் போத்தல் இல்லை.

போத்தல் இருந்த இடத்தில் ஒரு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் இருந்தன.

அதைப் பார்த்ததும் ஜீவராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்டத்துக்காரர்கள் யாரும் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இப்போது எதனோல் காய்ச்சுகிற இந்தக் கட்டடம் ஆறு வருசத்துக்கு முன்வரை தேயிலைத் தொழிற்சாலை. ஸ்டோர் என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். ஜீவராணி அங்கே சல்லடைப் பகுதியில் பதினெட்டு வருசம் வேலை செய்தவள். ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் சுற்றுகிற எத்தனையோ சக்கரங்கள் யாருடைய விரலையும் கையையும் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ரோதைமுனிக்கு. கட்டடத்துக்குப் பின்னால் டர்பன்டைன் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், சாய்த்துவைத்த பழைய இரும்புச் சக்கரம் ஒன்று. முனிக்கு அதுதான் கோயில்.

வருசத்தில் முதன்முதலாக அரைத்த தூளில் ஒரு பிடியைப் புதுப் போத்தலில் போட்டு, ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் அந்த ஜன்னல் விளிம்பில் தனியாக வைப்பார். பூசாரி வருவார். யாரிடமும் கேட்க மாட்டார். கேட்டு வாங்கினால் அது முனிக்குக் கொடுத்ததாக ஆகாது. எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போவார். படையல் முடிந்ததும் வந்தவர்கள் எல்லோரும் அதில் ஒரு வாய் குடித்தாக வேண்டும். தூள் வைத்தால் தேத்தண்ணி, சாராயம் வைத்தால் சாராயம். முதல் வாய் பூசாரிக்கு.

அந்தப் பூசாரி மூக்கன். ஜீவராணியின் புருஷன்.

பதினெட்டு வருசம் அந்த ஜன்னலைப் பார்த்தவள் அவள். புதுப் போத்தலில், முதலில் வந்ததை, தனியாகப் பிடித்து, அதே இடத்தில் வைத்திருக்கிறாள். மேசையில் வைத்திருந்தால் மூக்கன் தொட்டிருக்க மாட்டான். ராத்திரி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். தூங்கினாளே, மகராசி.

பின்கதவால் மரத்தடிக்கு ஓடினாள். பூசை முடிந்து வெகுநேரமாகியிருந்தது. கல்லுக்கு முன்னால் வாழையிலையில் பொரியும் பழமும், பக்கத்தில் ஒரு மண்சட்டியும் கிடந்தன. சுருட்டு பாதி எரிந்து அணைந்திருந்தது. போத்தல் சாய்ந்து கிடந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் நாலு கிளாஸ் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குடித்து முடித்தால் கவிழ்த்துவைப்பதுதான் வழக்கம்.

நாலு கிளாஸ் என்றால் நாலு பேர். மூக்கன், பொயிலர் பார்க்கிற கந்தப்பன், மூட்டை ஏற்றுகிற இரண்டு பேர். மூக்கனைத் தவிர மற்ற மூன்று பேரும் காலையிலேயே லொறியில் நுவரெலியாவுக்குப் போய்விட்டார்கள்.

ஜீவராணி கந்தப்பனுக்குப் போன் அடித்தாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சாவகாசமாகச் சொன்னது. இறம்பொடை வழியோ எந்த வழியோ, மலைக்குள் நுழைந்தால் போனுக்கு உயிர் போய்விடும். ஜூட்டுக்கு அடித்தாள். அவன் ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான்.

அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவன் மெதுவாகப் பேசினான். "அக்கா, பயப்படாம கேளுங்க. குடிச்சி ரெண்டு மணித்தியாலம் ஆயிருந்தாலும் காப்பாத்தலாம். ஒடனே ஒன்னும் தெரியாது. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. தலவாக்கலை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும். நான் வேன் புடிச்சி வாறேன். லொறிய நான் பாத்துக்கிறேன், சந்தையில ஆள் இருக்கு. நீங்க அண்ணன பாருங்க."

அவள் லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் ஓடினாள். நாற்பத்திரண்டு வயதில் அந்தப் படிகளில் யாரும் ஓடுவதில்லை.

அவளுக்குக் கண் போவது என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவளுடைய அண்ணன் முத்துலிங்கம் இருபத்தைந்து வயதில் இதே முனி பூசையில் ஒரு கிளாஸ் குடித்தான். சாராயம் விலை கூடிப்போன காலம். யாரோ எங்கேயோ வாங்கிவந்த கசிப்பு, கள்ளச்சாராயம். மற்றவர்கள் இரண்டு நாள் வாந்தியெடுத்துத் தப்பிவிட்டார்கள். முத்துலிங்கத்துக்கு மறுநாள் காலையில் விடியவில்லை. "ஏன் இன்னும் வெளக்கு பொருத்தல?" என்று அவன் கேட்டபோது வெயில் காம்பரா அறை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருசம் இருட்டில் இருந்துவிட்டுத்தான் செத்துப்போனான். அந்தக் கிளாஸை ஊற்றிக்கொடுத்தது யார் என்பதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயெடுத்ததில்லை. ஜீவராணி மட்டும் அன்றையிலிருந்து முனி பூசைக்குப் போனதில்லை.

தண்ணிப் பீலியில் காளியாயி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த காம்பராக்காரி, பேச்சு நிற்காதவள்.

"என்னாடி இப்பிடி ஓடி வாற? ஒம் புருசனுக்கு என்னா? தலையில துண்ட போட்டு கண்ண பொத்திக்கிட்டு போனாரு. நான் கூப்பிட கூப்பிட திரும்பிக்கூட பாக்கல. தடுமாறி தடுமாறி போனாரு."

ஜீவராணிக்கு உயிர் பாதி அங்கேயே போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டு கையாலும் இடித்தாள்.

"யாரு?" மூக்கனின் குரல்.

"கதவ தொறங்க."

"நீ எதுக்கு வந்த? வேலைக்கு போ."

"கதவ தொறக்கப் போறீங்களா, ஒடைக்கவா?"

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே கும்மிருட்டு. ஜன்னலைச் சாத்தி அதன்மேல் போர்வை வேறு தொங்கவிட்டிருந்தான். ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தடவித் தடவிப் போய்த் திரும்பவும் கட்டிலில் படுத்தான்.

"கண்ணுக்கு என்னா?"

"எரியிது. வெளிச்சம் பட்டா தாங்க முடியல. கதவ சாத்து."

ஜீவராணி சாத்தவில்லை. அப்படியே அவன் கைகளைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்கு போகணும். வேன் வருது. தூங்காதீங்க, ஒங்கள கும்பிடுறேன், தூங்கிறாதீங்க. எத்தன கிளாஸ் குடிச்சீங்க?"

"என்னாத்த?"

"அந்த போத்தல. முனிக்கு வச்சத."

"நான் குடிக்கல."

ஜூட் சொன்னது அவள் காதில் அப்படியே இருந்தது. நம்பாதீங்க. அதோடு சம்பள நாள்களில் வாசம் வீசிக்கொண்டு வந்து நின்று இதே வார்த்தையை இதே குரலில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது.

"பொய் சொல்றதுக்கு நேரமா இது? அது வெசம். எந்திரிங்க."

"வெசமா?" என்று அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"வெசம்தான். குடிச்சா கண்ணு போயிரும். எங்கண்ணன பாத்ததுக்கு அப்புறமுமா ஒங்களுக்கு வாய கட்ட முடியல? இது எத்தன வெரல்னு சொல்லுங்க."

"துண்டு மேல கெடக்கையில எப்பிடிடி சொல்றது?"

அவள் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. அவளும் விடவில்லை. அந்த வயதில் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி ஈரத்துண்டுக்குச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் துண்டு அவள் கையோடு வந்துவிட்டது. வாசல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

புருவம் இரண்டும் இல்லை. இமைமுடி கருகிச் சுருண்டிருந்தது. நெற்றி சிவந்திருந்தது. தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற எவனுக்கும் இல்லாத, முனியே பொறாமைப்படுகிற அந்த முறுக்கு மீசையில் வலது பக்கம் முழுதாக இருந்தது. இடது பக்கம் கருகி, வெறும் கட்டையாக நின்றது. முடி பொசுங்கிய வாசம் அப்போதுதான் அவள் மூக்கில் ஏறியது.

"ரெண்டு வெரலு," என்றான் மூக்கன் கோபமாக. "போதுமா?"

ஜீவராணி துண்டைக் கீழே போட்டாள்.

"என்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

அவன் சொல்ல விரும்பவில்லை. அவள் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

விடிகாலையில், கந்தப்பன் பொயிலருக்காகத் திறந்திருந்த ஸ்டோருக்குப் போனான். ஜன்னலில் புதுப் போத்தல் தனியாக இருந்தது. இத்தனை வருசம் முனியை எட்டிப்பார்க்காத பெண்டாட்டி, தன் கையால் முதல் போத்தலை முனிக்கு எடுத்துவைத்திருக்கிறாள் என்று நினைத்தான். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு போனான். கந்தப்பனும் மற்ற இரண்டு பேரும் கிளாஸோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். படையல் போட்டு, மூடியைத் திறந்து மணந்துபார்த்தான். எந்தச் சாராயத்திலும் இல்லாத வாசமாக இருந்தது.

"எனக்கு என்னமோ புடிக்கல," என்றான். "இது என்னான்னு நமக்கு தெரியாது. வண்டிக்குள்ள எரியிறதுக்குன்னு செய்யிறீங்க. முனிக்கும் எரிச்சே காட்டிருவோம்னு நெனச்சேன். இன்னைக்கி பங்கு கெடையாதுன்னு சொல்லி கிளாஸ எல்லாம் நானே கவுத்துட்டேன். கந்தப்பனுக்கு கோவம்னா அப்பிடி ஒரு கோவம். முனிக்கு செய்யிற மொறையா இதுன்னு கேட்டுட்டு லொறிக்கு போயிட்டான். நான் மண்சட்டியில முழு போத்தலையும் ஊத்தி கற்பூரத்த பொருத்தி போட்டேன். பத்தல."

"பத்தலயா?"

"பத்தலன்னு நெனச்சேன். நல்லா விடிஞ்சி வெளிச்சம் வந்திருச்சி. புகையும் இல்ல, நெருப்பும் தெரியல. தண்ணி மாதிரி சும்மா கெடந்திச்சி. கற்பூரம் அணைஞ்சிருச்சின்னு குனிஞ்சி ஊதினேன்."

மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது.

ஜீவராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கன் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஈரத்துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அதுக்கு ஏன் கதவ பூட்டிக்கிட்டு கெடந்தீங்க?"

"நீ வேலைக்கு போற வரைக்கும் தேயிலைக்குள்ள ஒளிஞ்சிருந்துட்டுதான் வந்தேன். இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எங்க போறது? பூசாரின்னு ஒருத்தன் மதிப்பானா? பொழுது சாஞ்சதும் சலூனுக்கு போகலாம்னு இருந்தேன்."

போன் அடித்தது. ஜூட். வேன் லிந்துலையைத் தாண்டிவிட்டதாம். "அக்கா, கந்தப்பன புடிச்சிட்டோம். மூனு பேரும் ஒரு சொட்டு தொடலியாம். அண்ணன் குடுக்கலன்னு இன்னும் திட்டிக்கிட்டு இருக்காரு. அண்ணன் எப்பிடி?"

"உசுரோட இருக்காரு சேர்," என்றாள். "அரை மீசையோட."

ஜூட் வந்து சேர்ந்தவுடன் மூக்கனை வேனில் ஏற்றித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டுதான் வந்தான். நர்ஸ் மிஸ்ஸம்மா கண்ணில் லைட் அடித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, மேல்தோல்தான் என்று சொல்லி மருந்து பூசிவிட்டார். புருவம் இரண்டு மாதத்தில் வளரும் என்றார். மீசையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பும் வழியில் ஜூட் எல்லாவற்றையும் விசாரித்தான். நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் அவன் முகம் மலர்ந்தது. "அப்பிடின்னா நல்ல சுத்தமா எரிஞ்சிருக்கு. தண்ணி கொஞ்சம்தான். நீங்க நமக்கு ஒரு சோதனை செஞ்சி குடுத்திருக்கீங்கண்ணே."

"இனி நீங்களே செஞ்சிக்கங்க," என்றான் மூக்கன்.

"கண்டிக்கு அனுப்ப வச்சிருந்தது போயிருச்சே சேர்," என்றாள் ஜீவராணி.

"போகட்டும்க்கா. அடுத்த தாங்கி திங்கக்கெழம தயார். அதுல எடுப்போம். நானும் நேத்து போத்தல பூட்டி வைக்கணும்னு யோசிக்கல. பிழை எனக்கும்தான்." கொஞ்ச தூரம் போன பிறகு அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, நாலு பேரு. நெனச்சி பாக்கவே முடியல."

அன்றைக்கு ஜீவராணியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. மூக்கன் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, வந்து உட்காரமாட்டேன் என்றதால் ஜன்னல் போர்வையை எடுத்துவிட்டு, கட்டிலை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டாள். சோப்பைக் கரைத்தாள். அவனுடைய சவரக்கத்தியில் புது பிளேடு மாட்டினாள். மருந்து பூசிய இடத்தில் படாமல் மிச்ச மீசையில் நுரையைத் தடவினாள்.

"வேணாம்டி. நானே வழிச்சிக்கிறேன்."

"கண்ணு கலங்கிக்கிட்டு இருக்கையில எப்பிடி வழிப்பீங்க? சும்மா இருங்க."

அவள் இன்னும் பிளேடை வைக்கவில்லை.

"காலையில ஒங்கள ரொம்ப பேசிட்டேன்," என்றாள். "நீங்க குடிக்கலன்னு சொன்னதும் நான் நம்பியிருக்கணும்."

"நம்புற மாதிரி நான் எப்ப நடந்திருக்கேன்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தான். தொண்டையைச் செருமினான். திரும்பவும் செருமினான்.

"ராணி, ஒன்னு சொல்லணும். சொன்னா நீ என்னைய வீட்ட விட்டு தொரத்தினாலும் சரி. கந்தப்பனுக்கு நான் ஏன் ஊத்தல? வாசம் சரியில்லன்னு சொன்னேன். அது மட்டும் இல்ல. கிளாஸ நீட்டிக்கிட்டு அவன் உக்காந்திருக்கான். எனக்கு முத்துலிங்கம் உக்காந்திருக்கிற மாதிரி இருந்திச்சி. அன்னைக்கும் பூசாரி நான்தான். அந்த கசிப்ப ஒங்கண்ணனுக்கு ஊத்தி குடுத்தது நான். என் கையால. இது வரைக்கும் ஒங்கிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரல."

புருவமும் இல்லாமல் அந்த முகம் மறைக்க ஒன்றுமில்லாத முகமாக இருந்தது.

ஜீவராணி நுரை காயாமல் இருக்கப் பிரஷ்ஷைத் திரும்பவும் தண்ணீரில் நனைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னா தெரியும்?"

"நீங்கதான் ஊத்தினீங்கன்னு. ஒங்க வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்தப்பவே அண்ணன் சொல்லிருச்சி. 'தெரிஞ்சி ஊத்தல, அவனும்தான் குடிச்சான், என் நேரம் எனக்கு போச்சி. அன்னையில இருந்து தெனமும் என் கைய புடிச்சி பீலிக்கு கூட்டிட்டு போறவனும் அவன்தான். அவனா சொல்ற வரைக்கும் நீ கேக்காத, கட்டிக்க'ன்னு சொல்லிச்சி. நானும் கேக்கல."

"இருபது வருசமாவா?"

"ஆமா. எப்பதான் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கோவமும் வரும், பாவமாவும் இருக்கும். இன்னைக்கி படியேறி ஓடி வாறப்ப, கேட்டு தொலைச்சிருக்கலாமேன்னுதான் நெனச்சேன். நீங்க போயிட்டா அப்புறம் யாருகிட்ட கேக்கிறது?"

மூக்கன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தப் போனான். நுரை உள்ளங்கையில் ஒட்டியது. கருகின இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கி நுரைக்குள் போனது. ஊரே பயப்படுகிற முனிக்குப் பூசாரி, தோள் குலுங்க அழுதான். அவள் அவனை அழவிட்டாள். இருபது வருசச் சுமையை இறக்குகிறவனுக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். அவளுக்கும் நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று கரைந்து லேசாகிப்போனது. உயிரோடு இருக்கிறான். கண்ணும் இருக்கிறது. சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டான். இன்றைக்கு இதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவன் கைகளை மெதுவாக விலக்கி, துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, புது நுரை போட்டாள்.

"அசையாதீங்க," என்றாள். "பிளேடு கையில இருக்கு."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். கட்டின நாளிலிருந்து மீசை இல்லாமல் அவனை அவள் பார்த்ததேயில்லை. மேலுதடு சின்னதாக, வெளுத்துப்போய், பள்ளிக்கூடத்துப் பையனுடையது மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் வழித்து முடித்தாள்.